கதவக்காவின் கல்யாணமும் பேக்கரிக்காரரின் கதவும்

பதிவு அலுவலகத்து நீள பெஞ்சில் கதவக்கா கல்யாணப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் பூங்கொத்து. பூங்கொத்துக்குள் போன். போன் அடித்தபோது பூக்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கின.

"கராஜ் கதவு திறக்கலீங்க," என்றது மாப்பிள்ளையின் குரல்.

கதவக்கா சிரித்தாள். பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"போதும், விளையாடாதீங்க. சீக்கிரம் வந்து சேருங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

"யாருக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்த தங்கை.

"மாப்பிள்ளைதான். கதவு திறக்கலையாம்."

"இன்னிக்குமா!" என்று தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு காதல் கதையே இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போனால் என் பேனா என்னை மன்னிக்காது.

கதவக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகைகளில் பலகை பலகையாக மடிந்து, மேலே ஏறி, கூரைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் கதவுகள் இருக்கின்றன அல்லவா? அவை படுக்க மறுத்தாலும் எழ மறுத்தாலும் ஊர் கூப்பிடுவது அவளைத்தான். அதனால் வந்த பெயர். ஆரம்பத்தில் ஒரு கதவுக் கம்பெனியில் போனில் புகார் கேட்டு எழுதும் வேலைதான் அவளுக்கு. யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி ஒன்றே. "என்ன சத்தம் வருது?" கிறீச் என்றால் உருளை, டொக் என்றால் கம்பி, வெடித்ததுபோல் ஒரே ஒரு சத்தம் என்றால் ஸ்பிரிங். போனிலேயே கேட்டுக் கேட்டு, எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று மெக்கானிக்குகளுக்கே சொல்லி அனுப்புவாள். ஒருநாள் ஒரு மெக்கானிக்குக்குக் காய்ச்சல். "நான் போறேன்" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அதற்கப்புறம் நாற்காலியில் உட்காரவே இல்லை.

நாற்காலி இருக்கட்டும். இந்த பெஞ்சு இருக்கிறதே, இதே அலுவலகம், இதே நீள பெஞ்சு, இதில் அவள் இளம் வயதில் ஒருமுறை கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு மாப்பிள்ளையாக வரவேண்டியவன் வரவில்லை. வருவான், வருவான் என்று அலுவலகம் மூடும்வரை உட்கார்ந்திருந்தாள். மனசு மாறிவிட்டது என்று சாயங்காலம் தகவல் வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போய், யார் வீட்டுக் கதவையோ திறந்து கொடுத்துவிட்டு, வேனுக்குள் உட்கார்ந்து அழுதாள். கண்ணைத் துடைக்கையில் முகமெல்லாம் கிரீஸ். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தாள். இனி எந்த ஆம்பளைக்காகவும் எந்த பெஞ்சிலும் காத்திருப்பதில்லை.

அப்படிப்பட்டவளின் வாழ்க்கையில்தான் பேக்கரிக்காரர் வந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய மனசு, கட்டிக்கொள்ள இதுவரை யாரும் அமையாத பாவப்பட்ட மனிதர். கடைக்குப் பின்னால் சமையலறை. சமையலறையிலிருந்து ஒரு சின்ன வாசல் வழியாகப் போனால் கராஜ். அதில்தான் ரொட்டி வேன் நிற்கும். முதல் தடவை அங்கே ஸ்பிரிங் உண்மையாகவே உடைந்திருந்தது. கதவக்கா சரி செய்தாள். அவர் சூடாக ஒரு பன் கொடுத்தார். அவள் நின்றபடியே சாப்பிட்டாள். அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார்.

அடுத்த வாரமே மறுபடி போன். போய்ப் பார்த்தால், மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை யாரோ இழுத்து விட்டிருந்தார்கள். கரண்ட் போனால் கதவைக் கையால் தூக்குவதற்காக வைத்த கயிறு அது. இழுத்தால் மோட்டாருக்கும் கதவுக்கும் உறவு அறுந்துவிடும். அதற்கடுத்த முறை ரிமோட்டில் பேட்டரி தலைகீழாக இருந்தது. அதற்கும் அடுத்த முறை மோட்டாரின் பிளக்கே கழன்று கிடந்தது.

"எலி இழுத்திருக்கும் போலங்க," என்றார் பேக்கரிக்காரர்.

சமையலறையிலிருந்து அவருடைய அம்மாவின் குரல் வந்தது. "ஆமாம்மா, நானும் என் கண்ணால பாத்தேன். அந்த எலிக்குப் பெரிய மீசை."

கதவக்கா ஏணியில் நின்றபடி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். அவளுக்கா தெரியாது? இரண்டாவது தடவையே தெரிந்துவிட்டது. தெரிந்தும்தான் வந்தாள். பேக்கரித் தெருவுக்குள் திரும்புவதற்கு முன் வேன் கண்ணாடியில் தலையை வேறு வாரிக்கொண்டு வந்தாள்! ஆனால் அன்றைக்கு இறங்கி வந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே கதவு பேரைச் சொல்லிப் பொய் சொன்னா நான் வரமாட்டேன். என்னைப் பாக்கணும்னா பாக்கணும்னு சொல்லுங்க."

மறுநாள் காலை போன் அடித்தது.

"கதவு நல்லாத்தான் திறக்குதுங்க," என்றார் அவர். நாக்கு குழறியது. "உங்களைப் பாக்கணும்."

இதைவிட நல்ல காதல் வசனத்தை நானும் இத்தனை வருஷமாக எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை.

கல்யாணம் பேசியபோது அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "நான் பெஞ்சில உக்காந்து காத்திருக்க மாட்டேன். நீங்க முதல்ல வந்து உக்காரணும். அப்புறம்தான் நான் வருவேன்." சரி என்றார். சொன்னபடி செய்யக்கூடியவர்தான். ஆனால் காலையில் காரை ஓட்டியது தங்கை. அவள் ஓட்டினால் கார் பறக்கும். விளைவு, கதவக்கா முன்னாலேயே வந்து, அதே பெஞ்சில், அதே மாதிரி பூங்கொத்தோடு.

போன் மறுபடி அடித்தது.

"நிஜமா திறக்கலீங்க. கேக் மேல சத்தியமா!"

கதவக்காவின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அப்ப கதவை விட்டுட்டு, கடை வழியா நீங்க மட்டும் கிளம்பி வாங்க."

"அம்மா வேன்ல உக்காந்துட்டாங்க. முட்டி வலியோட அவங்களை ஏத்தறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு. மடியில கேக்கோட மேல் அடுக்கை வேற வச்சிருக்காங்க. இறங்கச் சொன்னா அடிக்க வர்றாங்க. அம்மாவை இப்படி விட்டுட்டு எப்படிங்க வர்றது?"

கதவக்கா போனை இறுகப் பிடித்தாள். நெஞ்சுக்குள் எங்கோ பழைய துரு கிறீச்சிட்டது. இதுவும் ஒரு சாக்கோ? கதவு, அம்மா, முட்டி வலி, கேக்... மனசு மாறிய ஆள் இப்படித்தானே ஒவ்வொன்றாகச் சொல்லுவான்?

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பதிவு அதிகாரி அம்மாள் தலையை நீட்டினார். "மாப்பிள்ளை எங்கம்மா? இன்னிக்கு மதியத்தோட மூடிடுவோம். நாளையிலேர்ந்து நான் ஒரு மாசம் லீவு. அப்புறம் என் மேல வருத்தப்படாதீங்க."

தங்கையின் முகம் வெளுத்தது. கதவக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது அவளையும் அறியாமல், பழைய நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்தது.

"என்ன சத்தம் வருது?"

"என்னது?"

"பட்டனை அமுக்கி, போனை மோட்டார்கிட்ட பிடிங்க."

அவர் பிடித்தார். அவள் காதோடு போனை அழுத்திக்கொண்டு கேட்டாள். மோட்டார் முனகியது. கதவு துளி அசைவது கேட்டது. உடனே இரும்பில் இரும்பு மோதும் ஒரு டொக். "இடது பக்கம்தாங்க," என்றார் அவர். பிறகு அமைதி.

கயிற்றை இழுத்துவிட்டுப் பொய் சொல்லலாம். பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பொய் சொல்லலாம். அந்த டொக்கை எந்த மீசைக்காரராலும் பொய்யாகச் செய்ய முடியாது!

"தங்கச்சி!" கதவக்கா துள்ளி எழுந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். "கதவு திறக்கலடி! சத்தியமா திறக்கல!"

"அதுக்கு ஏன்க்கா இவ்வளவு சந்தோஷம்?"

"அவர் பொய் சொல்லலடி!"

பெஞ்சில் இருந்தவர்கள் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தள்ளி உட்கார்ந்தார்கள். கதவக்காவுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொழில் முகத்தோடு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"சிவப்புக் கயிறு?"

"தொடவே இல்லீங்க. இந்தத் தடவை தொடவே இல்ல."

"உள்தாழ்ப்பாள்?"

"திறந்துதான் இருக்கு."

"கதவுக்கு மேல ஸ்பிரிங்கைப் பாருங்க. நடுவுல எங்கயாவது விட்டுப்போன இடைவெளி தெரியுதா?"

"இல்லீங்க. அழகா, உங்க முடி மாதிரி சுருள் சுருளா இருக்கு."

"டேய், கொஞ்சறதை அப்புறம் வச்சுக்கோ, இங்க கிரீம் வழியுது!" என்று வேனுக்குள்ளிருந்து அம்மா கத்தியது போனிலேயே கேட்டது.

"சரி, கதவோட ரெண்டு பக்கமும் உருளை ஓடற தண்டவாளத்தைப் பாருங்க. இடது பக்கம் ஏதாவது அடைச்சுக்கிட்டு இருக்கா?"

"ஒண்ணுமே இல்லீங்க. நீங்க கட்டிட்டுப் போன பரிசுதான் இருக்கு."

"என்ன பரிசு?"

"சிவப்புத் துணி கட்டி உங்க வேன் சாவியைத் தொங்க விட்டிருக்கீங்களே, அது."

கதவக்காவின் கையிலிருந்து பூங்கொத்து நழுவியது.

ஸ்பிரிங்கை முறுக்கும்போது கதவு தானாக மேலே பாய்ந்துவிடக் கூடாது. அதனால் உருளைக்குச் சற்று மேலே, தண்டவாளத்தில் ஒரு இரும்புக் கிளாம்பைக் கவ்வவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்ற மறந்தால் கதவு ஜென்மத்துக்கும் ஏறாது. மறக்காமல் இருக்கக் கதவக்கா ஒரு தந்திரம் வைத்திருந்தாள். கிளாம்பில் சிவப்புத் துணி கட்டி, அதிலேயே தன் வேன் சாவியைத் தொங்கவிடுவாள். சாவியை எடுக்காமல் வேனை எடுக்க முடியாது. சாவியை எடுக்கப் போனால் கிளாம்பு கண்ணில் படும். இத்தனை வருஷத்தில் ஒருமுறை கூட இந்தத் தந்திரம் பொய்க்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கல்யாணப் பரிசாக அவர் கதவை ஓசையே இல்லாமல் ஓட வைக்கிறேன் என்று போய் ஸ்பிரிங்கை முறுக்கினாள், உருளைக்கெல்லாம் எண்ணெய் விட்டாள். எல்லாம் முடிந்து கடைசியாகக் கதவைத் தூக்கிப் பார்க்க வேண்டிய நேரத்தில், கடை வாசலில் தங்கையின் கார் ஹாரன் அலறியது. "அக்கா, டெய்லர் கடையை மூடப்போறான், உன் பிளவுஸ் உள்ள இருக்கு!" கதவக்கா ஓடினாள். தங்கையின் காரில் போனாள். அவளுடைய வேன் பேக்கரி வாசலிலேயே நின்றது. வேனை எடுக்காதவளுக்குச் சாவி எதற்கு?

"அது பரிசு இல்லீங்க," என்றாள் கதவக்கா. "அதுதான் கதவைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."



"இனிமே என் வண்டி உங்க வாசல்லதான் நிக்கும்னு சொல்லாம சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன்," என்றார் அவர். "நேத்து அதைப் பாத்து அழுதுட்டேன்."

"அழுதான் மருமகளே," என்று அம்மாவின் குரல் சாட்சி சொன்னது. "நான் வெங்காயம்னு நினைச்சேன்."

கதவக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

"அதைக் கழட்டிடவாங்க?"

"தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அதிகாரி அம்மாள் மறுபடி எட்டிப் பார்த்தார். "ஸ்பிரிங் புதுசா முறுக்கினது. நீங்க பட்டனை அமுக்கின அமுக்குல கதவைத் தூக்கற கம்பி நழுவியிருந்தா, ஒரு பக்கமா கதவு உங்க மேலயே சாஞ்சிடும். பிளக்கைப் பிடுங்கிட்டு ஒதுங்கி நில்லுங்க. நான் வர்றேன்."

நான் வர்றேன்! எந்த மாப்பிள்ளைக்காகவும் காத்திருக்க மாட்டேன் என்றவள், மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே ஓடினாள். புடவைக் கொசுவத்தை ஒரு கையிலும் தங்கையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கினாள்.

"பொண்ணே ஓடிப்போகுது!" என்றார் பெஞ்சிலிருந்த ஒருவர், வாயைப் பிளந்து.

"கதவை ரிப்பேர் பண்ணப் போறோம், இப்ப வந்துடுவோம்!" என்று கத்திவிட்டுப் போனாள் தங்கை. கேட்டவர்களுக்கு அது இன்னும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

தங்கை பறந்தாள். பேக்கரிக்குள் புகுந்து, அடுப்புகளைத் தாண்டி, சின்ன வாசல் வழியாகக் கதவக்கா கராஜுக்குள் நுழைந்தபோது அங்கே இருந்த காட்சியை எப்படிச் சொல்வேன்! வேனின் முன் சீட்டில் பட்டுப் புடவையோடு அம்மா, மடியில் கேக்கின் மேல் அடுக்கு, கையெல்லாம் கிரீம். வெளியே புது கோட்டும் சூட்டுமாகப் பேக்கரிக்காரர். கோட்டில் எங்கிருந்தோ மாவு, மீசையில் வியர்வை. இடது தண்டவாளத்தில், சிவப்புத் துணியில், ஒன்றும் தெரியாததுபோல் ஆடிக்கொண்டிருந்தது வேன் சாவி.

"எத்தனை தடவை பட்டனை அமுக்கினீங்க?"

"கணக்கே இல்லீங்க. கல்யாணமாச்சே!"

கதவக்கா புடவையைத் தூக்கிச் செருகி ஸ்டூலில் ஏறினாள். சந்தேகப்பட்டது சரி. இடது பக்கக் கம்பி தன் சக்கரத்திலிருந்து ஒரு சுற்று விலகியிருந்தது. அதை மெல்ல அதன் இடத்தில் உட்கார வைத்தாள். இறங்கி வந்து, கதவை முழங்காலால் அழுத்தி, கிளாம்பைத் தளர்த்தினாள். சாவி அவள் உள்ளங்கையில் விழுந்தது. பிளக்கை ஒருமுறை சொருகிப் பார்த்தாள். மோட்டார் முனகியதே தவிர இழுக்கவில்லை. உள்ளே பல்சக்கரம் தேய்ந்து மாவாகியிருந்தது.

"மோட்டார் போயிடுச்சு. கையாலதான் தூக்கணும்," என்றாள். பிறகு அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். "சிவப்புக் கயிறை இழுங்க. உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே."

அவர் வெட்கத்தோடு இழுத்தார். அம்மா வேனுக்குள் குலுங்கிச் சிரித்ததில் கிரீம் ரோஜா ஒன்று உருண்டு விழுந்தது.

கதவக்கா கைப்பிடியில் ஒரு கையை வைத்துத் தூக்கினாள். அத்தனை கனமான கதவு காகிதம்போல எழுந்தது. ஓசை இல்லை. ஒரு சின்ன முனகல் கூட இல்லை. வெளிச்சம் முதலில் எல்லாருடைய செருப்புகளில் விழுந்து, பிறகு முழங்காலுக்கு ஏறி, கோட்டுப் பொத்தான்களில் மின்னி, கடைசியில் அவர் முகத்துக்கு வந்தது. அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னங்க இது, சத்தமே இல்ல!"

"அதுதான் பரிசு," என்றாள் கதவக்கா.

பேக்கரிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸும் மாவும் ஒன்றாய்க் குழைந்தன. இங்கே இன்னும் இரண்டு பக்கம் எழுத எனக்கு ஆசைதான். அம்மா விடவில்லை. "டேய், அங்க ஆபீஸை மூடப்போறாங்கடா!"

"நீங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க," என்றாள் கதவக்கா. "தங்கச்சி, நீ முன்னால போய் அந்த அதிகாரியம்மாவைப் பிடிச்சு வை. நான் கதவை இறக்கித் தாழ்ப்பாள் போட்டு, கடையைப் பூட்டிட்டு என் வேன்ல வர்றேன்."

பேக்கரிக்காரர் அசையவில்லை. "நீங்க வராம போயிட்டா?"

அந்தக் கேள்வியை அவள் ஒரு காலத்தில் தனக்குள் கேட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். பதில் சொல்ல அன்றைக்கு யாருமில்லை.

"வருவேன்," என்றாள். "நான் சொல்றேன். போய் பெஞ்சில உக்காருங்க."

அவர் வண்டியை எடுத்தார். வேன் வெளியே ஊர்ந்தது. கதவக்கா தனியாக நின்றாள். கதவைப் பாதி இறக்கினாள். கையை எடுத்தாள். கதவு நின்ற இடத்தில் நின்றது, மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல். வேலை சரியா என்று கண்டுபிடிக்க அவர்கள் தொழிலில் இதுதான் சோதனை. நேற்று இதைச் செய்யாமல் ஓடியதால் வந்த வினைதானே இத்தனையும்! கல்யாணமே காத்திருந்தாலும் சோதனை பார்க்காமல் இனி ஒரு கதவையும் விட்டு அவள் நகர மாட்டாள்.

அங்கே பதிவு அலுவலகத்தில் பேக்கரிக்காரர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் யார் நிழல் விழுந்தாலும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பக்கத்தில் அம்மா கேக்கை மடியில் வைத்துக்கொண்டு, "வருவாடா, வருவா" என்று சொல்லிக்கொண்டே தானும் வாசலையே பார்த்தாள். அதிகாரி அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். தங்கை அவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளை இல்லைன்னீங்க, இப்ப பொண்ணு இல்லையா? இன்னிக்குக் கல்யாணம் பண்ணிக்கப் போறது யாரும்மா, நீயா?"

அப்போது தெருவில், தலையில் ஏணி கட்டிய ஒரு பழைய வேன் வந்து நின்றது. புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவக்கா ஓடி வந்தாள். கன்னத்தில் கிரீஸ். கூந்தலில் மாவு. மூச்சு வாங்கியது.

பேக்கரிக்காரர் எழுந்தார். எழுந்தவர் நடக்க மறந்து அப்படியே நின்றார். மீசை மட்டும் துடித்தது.

"தாமதம் பண்ணினது யாரு?" என்றார் அதிகாரி, பையைக் கழற்றி மேசையில் போட்டபடி.

"நான்தான்," என்றார்கள் இருவரும்.

கையெழுத்துப் போட்டார்கள். கதவக்காவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகையும் கருப்பாகச் சேர்ந்து விழுந்தது. அதிகாரி அம்மாள் அதைத் துடைக்கப் பார்த்தார். அது இன்னும் பெரிதாகப் படர்ந்தது. "இருக்கட்டும் போங்க," என்று சிரித்துவிட்டார்.

அதிகாரி அறையிலிருந்து வெளியே வரும்போது பேக்கரிக்காரர் மெதுவாகக் கேட்டார், "மோட்டாரை மாத்த எப்ப வருவீங்க?"

"புகார் குடுங்க, பாக்கறேன்," என்றாள் கதவக்கா.

"கதவுக்கு ஒண்ணும் இல்லீங்க. உங்களைப் பாக்கணும்."

அவள் வேன் சாவியை, அதில் கட்டிய சிவப்புத் துணியோடு, அவர் கோட்டுப் பைக்குள் போட்டாள். அவர் மறுபடி அழத் தயாரானார்.

"அழுறதை வீட்டுல போய் அழலாம்டா," என்று பெஞ்சிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "முதல்ல இந்தக் கேக்கை யாராவது வாங்கிக்கங்க. மடி மரத்துப்போச்சு!"